டிப்போ சுவரில் வெளுத்த முகம்

மனிதர்கள் காசு கொடுத்து எதை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள் என்பது படக்காரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில்லை. தினமும் காதில் ஓதி ஓதிப் பதியவைத்துவிட்டார்கள்.

சோபாவின் நிறத்தோடு ஒத்துப்போகிற படத்தை வாங்குவார்கள். ஆளில்லாத படகை வாங்குவார்கள். அதில் ஒரு மீனவன் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தால் வாங்கமாட்டார்கள். முதுகு காட்டி நிற்கும் பெண்ணை வாங்குவார்கள். அவள் திரும்பி நேருக்கு நேர் பார்த்தால் 'ராத்திரி பயமா இருக்கும்' என்று இணையத்தில் படத்துக்குக் கீழே கருத்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மழையைவிட மழை விட்டபின் தெரு நன்றாகப் போகும். படிக்கட்டு என்றால் மேலே ஏற வேண்டும், இறங்கக் கூடாது. நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தானே ஏறுவதும் இறங்குவதும் என்று படக்காரி ஒருமுறை கேட்டாள். "அதெல்லாம் வாங்கறவனுக்குத் தெரியாதுங்க. கிராஃபுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது.

அப்படிப் பதில் சொன்னவன் விற்பனைப் பொறுப்பாளன். எதைக் கேட்டாலும் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்வான். அதனால் அலுவலகம் அவனுக்கு 'கிராஃப்' என்று பெயர் வைத்திருந்தது. அவனுக்கும் அது தெரியும். பட்டம் கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டான்.

கணினியில் படம் வரையவைத்து, இணையத்தில் கடை விரித்து, கேட்டவருக்குக் கேட்ட அளவில் அச்சடித்து அனுப்புகிற கம்பெனி அது. டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. முதல் மாடியில் அச்சு இயந்திரம். அது ஓடும்போது இரண்டாம் மாடியில் மேசை மேல் வைத்த கோப்பை கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகரும். படக்காரியின் அறைச் சுவருக்குச் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். வேறு நிறம் பூசினால் அது கண்ணை ஏமாற்றும். சன்னலுக்குத் திரை. கணினித் திரையைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு கூடாரம். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் நாள் முழுக்க மேகமும் படகும் வரைந்தாள்.

இதற்கு முன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். அங்கே அவளுடைய வேலைக்கு 'டச்சப்' என்று பெயர். முகத்தை வெளுப்பதுதான் அந்த வேலை. திருமணப் படம், அடையாள அட்டைப் படம், செத்துப்போனவர் படம் எதுவானாலும் வெளுக்க வேண்டும். செத்தவருக்கு எதற்கு வெளுப்பு என்று அவள் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். "சுவத்துல தொங்கும்போது பளிச்சுனு இருக்கணும்ல?" என்றார் அவர்.

ஒருநாள் அவளுடைய சொந்த அம்மாவே அந்தக் கடைக்கு வந்தார். தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்த நேரம். கையில் தங்கையின் படம்.

"கொஞ்சம் கலராப் பண்ணிக் குடுடி."

"மாட்டேன்."

"ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் பண்ணுற. கூடப்பொறந்தவளுக்குப் பண்ண வலிக்குதா?"

"அவளுக்கு என்ன கொறைச்சல்? நல்லாத்தானே இருக்கா."

"நான் கொறைச்சல்னா சொன்னேன்? மாநிறம்தான். வெயில்ல வேலை பாக்கறா, கொஞ்சம் மங்கிப் போயிருக்கா, அவ்வளவுதான்."

மாநிறம்! கறுப்பு என்று சொல்ல வாய் கூசுகிறவர்கள் கண்டுபிடித்த சொல். நம் பேச்சில் 'பொண்ணு கலரா இருக்கா' என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். மற்ற நிறமெல்லாம் நிறமே இல்லை போலிருக்கிறது. தோலுக்குள் மெலனின் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெயிலிடமிருந்து உடம்பைக் காப்பது அதன் வேலை. கூட இருந்தால் கறுப்பு, குறைய இருந்தால் வெளுப்பு. விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவின் மேல் எத்தனை கண்ணீர், எத்தனை களிம்பு டப்பா, எத்தனை முறிந்த சம்பந்தம்! படித்தவர்கள் வீட்டிலும் இதே கதைதான். அங்கே களிம்பு டப்பா மட்டும் விலை கூடுதல்.

அம்மா பக்கத்து மேசைக்காரனிடம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டார். அந்தப் படத்தைத் தங்கை பார்த்தாள். "இவ யாரும்மா? இவளையே கட்டிக்கச் சொல்லு" என்று நான்காகக் கிழித்தாள். அக்காள் ஸ்டூடியோ வேலையை விட்டாள். இனி எவர் முகத்தையும் வெளுப்பதில்லை என்று முடிவெடுத்துத்தான் மேகமும் படகும் வரைய வந்தாள்.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு மதியம், இரண்டு டிரிப்புகளுக்கு நடுவே நிறுத்தியிருந்த வண்டியில் அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. முழங்கை சன்னல் கம்பியில். சாப்பாடு கொண்டு போன அக்காள் அதைப் பார்த்துவிட்டு, "அசையாதடி" என்றாள்.

"ஏன், பூச்சியா?"

"படம்."

"அடச்சே. தண்ணியக் குடிக்க விடு."

வாரக்கணக்கில் அந்தப் படத்தை வரைந்தாள். அலுவலக வேலை முடிந்த பின், சமையலறை மேசையோரம், டேப்லெட்டை மடியில் சாய்த்துக்கொண்டு. அந்த முகத்தில் கறுப்பு என்ற ஒரு நிறத்தை அவள் தொடவே இல்லை. செங்கல் சிவப்பு, கன்னத்து மேட்டில் செம்பு, கழுத்து நிழலில் ஊதா, பேருந்தின் பச்சைக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் தாடையில் மெல்லிய பச்சையாக. எட்ட நின்று பார்த்தால் தங்கை. நேராகப் பார்க்கிறாள். என்ன வேண்டும் உனக்கு என்று கேட்கிற பார்வை.

கம்பெனியின் இணையக் கடையில் போடலாமா என்று கேட்டபோது தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மூஞ்சிய மாத்தாமப் போடறதா இருந்தா போடு. மாத்துன, அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்."

அக்காள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

படம் விற்கவில்லை. அதை அவள் எதிர்பார்த்ததுதான். மேகம் விற்றது, சம்பளம் வந்தது, அந்தப் படம் கடையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு மாலை தங்கை வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. பையை நாற்காலியில் எறிந்தாள். கைபேசியை அக்காள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாருக்கா?"

அதே பேருந்து. அதே சன்னல் கம்பி, அதே முழங்கை, அதே திறந்த பொத்தான். முகம் மட்டும் கோதுமை மாவில் அழுத்தி எடுத்தது மாதிரி. கன்னத்துச் செம்பு போய் ரோஜா வந்திருந்தது. கழுத்து நிழலில் ஊதா இல்லை.

"எங்கடி கிடைச்சுது?"

"எங்க கிடைச்சுதா? எங்க டிப்போவுல புது கட்டடம் கட்டியிருக்காங்கல்ல, அதோட ஹால்ல சுவர் முழுக்க ஒட்டப் போறாங்களாம். பெண் ஓட்டுநர்களைக் கௌரவிக்கறாங்களாம்! மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பி வச்சிருக்காரு. கூட வேலை பாக்கறவ ஒருத்தி என்ன சொன்னா தெரியுமா? 'ஏய், உன்னைச் சோப்புப் போட்டு ஊறவச்சா இப்படித்தான் இருப்ப'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்கா."

"நான் பண்ணலடி."

"யார் பண்ணா எனக்கென்ன? தினம் காலையில கையெழுத்துப் போட அது வழியாத்தான் போகணும். எம் மூஞ்சிய நானே அண்ணாந்து பாத்துட்டுப் போகணும், 'நீ இப்படி இருந்திருந்தா சுவத்துல ஒட்டுவாங்க'ன்னு. நீ நிறுத்தணும். நிறுத்திட்டு எங்கிட்டப் பேசு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை படக்காரி நேராகக் கிராஃபின் அறைக்குப் போனாள். அவன் மறைக்கவே இல்லை. உற்சாகமாகத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"நல்ல படம்ங்க அது. ஜனங்க நின்னு பாத்தாங்க, ஆனா வாங்கல. ஏன்னு யோசிச்சேன். ஸ்கின் மேல ஒரு லேயர் போட்டு, ஸ்லைடர வச்சு மூணு வெர்ஷன் பண்ணேன். ஒரிஜினல், கொஞ்சம் வெளுப்பு, நல்ல வெளுப்பு. பாருங்க, கோடு எப்படி ஏறுது! நல்ல வெளுப்புதான் பெஸ்ட் செல்லர். உங்க படம்தான். சந்தோஷப்பட வேண்டாமா?"

"என்னைக் கேட்டீங்களா?"

"கம்பெனி படம். எதுக்குக் கேக்கணும்? நான் என்ன, எனக்குப் பிடிச்சா பண்றேன்? ஜனங்க கேக்கறாங்க. நான் சும்மா அளக்கறவன். அறிவியல்ங்க இது."

அறிவியல் என்ற சொல்லைக் கேட்டதும் படக்காரிக்குக் காது சூடாயிற்று.

"சரி, அறிவியலாவே பேசுவோம். வெளுத்த படம் கடையில எந்தப் பக்கத்துல இருக்கு?"

"முதல் பக்கம்."

"ஒரிஜினல்?"

அவன் கொஞ்சம் தேடினான். உருட்டினான். மேலும் உருட்டினான். "பின்னாடி எங்கயோ இருக்கு. அது போகலைன்னுதானே பின்னாடி போட்டேன்."

"ஒண்ணைத் தெரு முனையில வெளிச்சம் போட்டு வச்சிருக்கீங்க. இன்னொண்ணைக் கொல்லையில சாக்கு மூடி வச்சிருக்கீங்க. அப்புறம், 'பாரு, முனையில இருக்கறதுதான் போகுது'ன்னு கோடு போட்டுக் காட்டுறீங்க. சோதனைன்னா ஒண்ணை மட்டும் மாத்தணும். நீங்க நிறத்தை மாத்துனீங்க, இடத்தை மாத்துனீங்க, எல்லாத்தையும் மாத்திட்டு பழியை மட்டும் ஜனங்க மேல போடுறீங்க."

"சரி, ஒரே பக்கத்துலயே வச்சாலும் வெளுப்புதாங்க போகும். பந்தயம் கட்டுங்க."

படக்காரி பந்தயம் கட்டவில்லை. அவன் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வெளுத்ததே போகும். பள்ளிப் புத்தகத்தில் நல்ல பிள்ளையின் முகம் வெளுப்பு, கெட்டவன் முகம் கறுப்பு. விளம்பரத்தில் களிம்பு தடவுமுன் அழுகிறாள், தடவியபின் வேலை கிடைக்கிறது. பிறந்த நாள் முதல் இதைப் புகட்டி வளர்த்துவிட்டு, வளர்ந்தவனிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்? குடித்ததைத்தான் கக்குவான். அதை 'ரசனை' என்று ஏந்திப் பிடித்து, மரச்சட்டம் போட்டு, விலை ஒட்டி, திரும்ப அவனுக்கே விற்கிறார்கள். அவன் பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்து வளரும்.

"டிப்போ ஆர்டரை ஒரிஜினல்ல அடிங்க. அது என் தங்கச்சி. அதே டிப்போவுலதான் பஸ் ஓட்டறா."

கிராஃப் ஒரு நொடி திகைத்தான். பிறகு தோளைக் குலுக்கினான். "நாம அனுப்புன மாதிரிப் படத்தை, ப்ரூஃபை, அவங்க பாத்து ஓகே பண்ணிட்டாங்க. மாத்த முடியாது. உங்க தங்கச்சிக்குப் பெருமைதானே? அழகா இருக்காங்க."

"ஏற்கெனவே இருந்த அழகு போதலையா உங்களுக்கு?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

அவள் படியிறங்கி முதல் மாடிக்கு வந்தாள். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் மிஷின் அண்ணன் என்பார்கள். சுவர் அளவுப் படத்தை ஒரே தாளில் அடிக்க முடியாது. மேலிருந்து கீழாக நீளும் ஆறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக அடித்து, எண் போட்டுச் சுருட்டி அனுப்புவார்கள். ஒட்டுகிறவர்கள் எண்படி வரிசையாக ஒட்டுவார்கள். தங்கையின் முகத்துக்கு நடுவில், மூக்குத் தண்டு வழியாக, மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் இடையிலான கோடு ஓடியது. மூன்றாவது அப்போதுதான் அச்சாகிச் சுருண்டுகொண்டிருந்தது.

"இது உன் படமாம்மா? பெருசாப் போட்டா ஜோரா இருக்கும்" என்றார் மிஷின் அண்ணன்.

"ஃபைலைக் கொஞ்சம் பாத்துக்கறேண்ணே."

"பாரு பாரு. நான் மை டப்பா எடுத்துட்டு வந்துடறேன்."

படக்காரி கணினி முன்னால் உட்கார்ந்தாள். முகத்தின் மேல் கிராஃப் போட்ட லேயர், அந்த வெளுப்புப் பூச்சு, தனியாக மேலே இருந்தது. அதன் பக்கத்தில் கண் மாதிரி ஒரு குறி. அதை அழுத்தினால் லேயர் மறையும், திரும்ப அழுத்தினால் வரும். அழுத்தினாள். மாவு உதிர்ந்தது. உள்ளே தங்கை அப்படியே இருந்தாள், செம்பும் ஊதாவுமாக, நேராகப் பார்த்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். கண் குறியைத் திரும்ப அழுத்த வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மிஷின் அண்ணன் மை டப்பாவோடு வந்தார். பட்டை மாறும்போது அவர் திரையில் பார்ப்பது பட்டையோடு பட்டை பொருந்துகிறதா என்று காட்ட மேல் மூலையில் இருக்கும் இணைப்புக் குறியை மட்டும்தான். குறி சரியாக இருந்தது. நான்காவதை அழுத்தினார். பிறகு ஐந்து, ஆறு. லேயர் தோலை மட்டும் மாற்றுவது. பேருந்தும் சன்னலும் எல்லாப் பட்டையிலும் ஒன்றுதான். அச்சாகி வெளியே வருகிற தாள் தானாகச் சுருண்டுகொள்ளும். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

ஆர்டரை நிறுத்த முடியவில்லை என்று வீட்டில் சொன்னாள். தங்கை தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"திறப்பு விழாவுக்கு நானும் வர்றேண்டி. அந்த மேனேஜர்கிட்டப் பேசிப் பாக்கறேன்."

"நீ ஏன் பேசணும்? மூஞ்சி என்னுது. என் முன்னாடி நின்னு திறக்கட்டும், பாக்கறேன்."

புதிய கட்டடத்தில் பெயிண்ட் வாசனை போகவில்லை. ஹாலில் காலை ஷிஃப்ட் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் சீருடையோடு நின்றார்கள். சுவரை மறைத்து மேலிருந்து கீழ்வரை ஒரு துணி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பெண்மையைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் பேசினார். கிராஃபும் வந்திருந்தான், படம் பிடிக்க. படக்காரி தூணோரம் நின்றாள். தங்கை முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

துணி விழுந்தது.

சுவரில் ஒரு பெண். நெற்றி நடுவில் தொடங்கி, மூக்கு வழியாக, உதட்டைப் பிளந்து, தாடையில் இறங்கியது ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு இடப்புறம் பால். வலப்புறம் செம்பு. இரண்டு கண்களும் ஒரே மாதிரி, நேராகப் பார்த்தன.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு மெக்கானிக், "பாதிதான் குளிச்சிருக்கா போல" என்றான். சிரிப்பு வெடித்தது.

பெரிய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஆகா! என்ன கருத்து! ஒற்றுமையக் காட்டியிருக்காங்க" என்று கைதட்டினார். பக்கத்தில் நின்றவர்களும் தட்டினார்கள்.

டிப்போ மேனேஜர் ப்ரூஃபைப் பார்த்து ஒப்புக்கொண்டவர். ஒட்டியவர்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "கண்ணு இல்லையாய்யா உங்களுக்கு?"

"நாங்க ஒட்டறவங்க சார், கேக்கறவங்க இல்ல. நம்பர் சரியா இருந்துது. இப்பல்லாம் இதுதான் டிசைனுன்னு நெனச்சோம்."

கிராஃப் வேகமாக வந்து மேனேஜரின் காதருகே பேசினான். காதருகே பேசினாலும் புது ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. "மிஸ்பிரிண்ட் சார். அந்தக் கறுப்புப் பட்டை மூணையும் எடுத்துட்டு நாளைக்கே வெளுப்புல மாத்திடறோம். அந்த மிஷின்காரனை வேலையை விட்டே தூக்கறேன்."

"அண்ணன் பண்ணல. லேயரை அணைச்சது நான்" என்றாள் படக்காரி, தூணை விட்டு வெளியே வந்து. "மறந்து பண்ணேன். இப்ப, தெரிஞ்சே பண்ணியிருக்கலாமேன்னு இருக்கு."

"நீங்க யாரு?" என்றார் மேனேஜர்.

"அதை வரைஞ்சவ."

"வரைஞ்சவங்களே கெடுத்தீங்களா? நல்ல கதையா இருக்கே! சரி தம்பி, நாளைக்கே மாத்திடுங்க."

"சார்." தங்கையின் குரல். அவள் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "எதை மாத்தப் போறீங்க?"

"உனக்கென்னம்மா? வண்டிய எடு, டைம் ஆகுது."

"அது நான் சார்."

மேனேஜர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வண்டிச் சாவி வாங்குகிற பெண். சுவரில் வலது பாதியில் இருந்தவளும் அவள்தான். தன் டிப்போவில் ஓட்டுகிறவளைத் தனக்கு அடையாளம் தெரியாமல் போன சங்கடம் அவர் முகத்தில் வந்து போனது.

"நீயா? சொல்லவே இல்ல?"

"சொல்ற மாதிரியா சார் இருந்துது? எனக்கே அது எம் மூஞ்சியாத் தெரியல. பாதியப் பாத்தப்புறம்தானே உங்களுக்கும் தெரியுது."

கிராஃப் குறுக்கிட்டான். "மேடம், நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க. படம் கம்பெனிக்குச் சொந்தம்."

"படம் உங்களுதுப்பா, நீயே வச்சுக்க. மூஞ்சி யாருது?"

அவன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான்.

"மூஞ்சிய மாத்தாமப் போடறதா இருந்தாத்தான் போடணும்னு சொல்லித்தான் எங்கக்காகிட்டக் குடுத்தேன். நீ மாத்துன. மாத்தி எத்தனை பேர் வீட்ல மாட்டியிருக்கியோ! இங்க ஒட்டறதா இருந்தா நான் இருக்கற மாதிரி ஒட்டு. இல்லாட்டி மொத்தமா உரிச்சுடு. வெறும் சுவரு நல்லாத்தான் இருக்கும். பாதி பாலு, பாதி டிக்காஷன் வேலையெல்லாம் இங்க வேண்டாம்."

"அதான் முழுசும் பாலாக்கிடறேன்னு சொல்றாரே" என்றான் அந்த மெக்கானிக். ஆனால் இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பு சோப்புப் போட்டு ஊறவைத்தால் என்று கேலி செய்த ஓட்டுநர்ப் பெண் அவனைத் திரும்பி முறைத்தாள்.

"நீ வாய மூடு. அவ சொல்றது சரிதானே? நம்மள கௌரவிக்கறேன்னு சொல்லிட்டு வேற எவளையோ ஒட்டுனா எப்படி?"

"வண்டிய எடுங்கம்மா எல்லாரும்! முதல் டிரிப் போகணும்!" மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"போகும் சார்" என்றாள் தங்கை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் போகும்."

யாரும் நகரவில்லை. வெளியே வரிசையாக வண்டிகள். நிறுத்தத்தில் காத்திருக்கும் பயணிகள் இந்நேரம் திட்டத் தொடங்கியிருப்பார்கள். பெரிய அதிகாரிக்கு அடுத்த விழாவுக்குப் போக வேண்டியிருந்தது. பதில் கேட்டு நிற்கிற முகங்களுக்கு நடுவில் தன் 'ஒற்றுமை' மாட்டிக்கொண்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். "அந்தப் பொண்ணு சொல்ற மாதிரியே செஞ்சுடுங்களேன்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"சரி, சரி. வெள்ளைப் பட்டை மூணையும் மாத்துங்க" என்றார் மேனேஜர் கிராஃபிடம்.

இது நியாயத்துக்குக் கிடைத்த வெற்றி என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். அந்த இரண்டு பேர் மண்டையிலும் எந்த வெளிச்சமும் ஏறவில்லை. வண்டி நின்றால் புகார் வரும். புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஹாலில் ஓட்டுநர்களுக்குப் பதில் கணக்கர்கள் நின்றிருந்தால், இன்று அந்தச் சுவர் முழுக்கப் பால்தான் வழிந்திருக்கும்.

மூன்று பட்டைகளும் மாறின. மிஷின் அண்ணன் தானே அடித்தார், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. கடையிலிருந்து தங்கையின் வெளுத்த படத்தைக் கிராஃப் எடுத்துவிட்டான். மூஞ்சிக்காரி வழக்குப் போடுவாள் என்று பயம். எடுத்த இடத்தில் வேறொரு பெண் ஓட்டுநரைப் போட்டான். அந்த முகத்தைக் கணினியையே உருவாக்கச் சொல்லியிருந்தான். அப்படி ஒரு பெண் உலகத்தில் எங்கும் இல்லை. "இவளுக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. எவளும் வந்து சட்டையப் பிடிக்க மாட்டா" என்று பெருமையாகச் சொன்னானாம். இல்லாத பெண்ணுக்குக்கூட வெளுத்த தோலைத்தான் அந்த இயந்திரம் போட்டிருந்தது. அதற்கும் நாம்தானே நம் படங்களைப் பாலாக ஊட்டினோம்.

அதைப் பார்த்த அன்றே படக்காரி வேலையை விட்டாள். அம்மா திட்டித் தீர்த்தார். "உனக்குக் கோவம் சோறு போடுமாடி?"

"போடலைன்னா பட்டினி கிடக்கறேன். கண்டவன் முகத்துக்கு மாவு பூசிச் சாப்பிடறதுக்கு அது மேல்."

இப்போது அவள் சொந்தமாக வரைகிறாள். மிஷின் அண்ணன் தெரிந்த இடத்தில் அச்சடித்துத் தருகிறார். அவளைத் தேடி வந்த முதல் ஆள் அந்த ஓட்டுநர்ப் பெண்தான், சோப்புக்காரி. சுவரை வந்து வந்து பார்த்துவிட்டு, ஒருநாள் டிப்போ வாசலில் படக்காரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. எங்க வீட்டு ஹால்ல மாட்டணும். இதே மாதிரி, ஸ்டியரிங் பிடிச்சு, கெத்தா."

படக்காரிக்கு வாயெல்லாம் பல். "என்னைக்கு லீவு?"

"வர்ற வாரம்." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சமே கொஞ்சம் கலராப் போட்டுடுங்க."

படக்காரியின் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் நின்ற தங்கை, "அடிப்பாவி, அன்னைக்கு அவ்வளவு கத்துனியேடி!" என்றாள்.

"கத்துனேன். உனக்காகக் கத்துனேன். இது எங்க வீட்டுச் சுவரு. மாமியார் பாப்பாங்க, நாத்தனார் பாப்பாங்க. 'இதுக்குக் காசு வேற குடுத்தியா'ன்னு கேப்பாங்க. நீ வந்து பதில் சொல்வியா?"

படக்காரிக்குக் கோபம் வந்தது; ஆனால் எதிரே நிற்கிற இந்தப் பெண்மேல் அல்ல. அந்த மாமியாரை அவளுக்குத் தெரியும். தன் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அம்மா என்ற பெயரில். அந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் போனால் அதற்கு ஒரு முடிவும் இல்லை.

"மாட்டேம்மா" என்றாள். "காசு வேண்டாம், சும்மா வேணும்னாலும் வரைஞ்சு தர்றேன். நிறத்தை மட்டும் மாத்த மாட்டேன். உன் நாத்தனார் கேட்டா, வரைஞ்சவ திமிரு பிடிச்சவ, சொன்னா கேக்க மாட்டான்னு எம் மேல பழியப் போடு."

அந்தப் பெண் ஹாலின் கண்ணாடிக் கதவு வழியே தெரிந்த சுவரை ஒருமுறை பார்த்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பிறகு தன் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலோடே கேட்டாள்:

"சரி, எந்தப் பக்கம் திரும்பணும்?"